பெயர் உள்ளே

குறிஞ்சாக்கேணியில் ஆர் மௌத்தானாலும் அந்தச் செய்தி முதலில் வந்து சேருவது எங்கட குசினி அடுப்படிக்குத்தான். வாப்பா பள்ளிவாசலில் மைக் பிடிக்கிறவர். பாங்கு சொல்ல மோதினார் இருக்கிறார், அது வேறு ஆள். ஜனாஸா அறிவித்தல், இறந்தது ஆர் என்று ஊருக்குச் சொல்வது, அது மட்டும் வாப்பாவின் வேலை. குரல் நல்லது, பேர்களைப் பிழையில்லாமல் சொல்வார், அவ்வளவுதான் தகுதி. மைக்கில் சொல்லி முடிந்ததும் அதே விபரம் வட்ஸ்அப் குறூப்பிலும் போகவேண்டும். அந்த இடத்தில்தான் நான் வருவேன். வாப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் தட்ட ஏலாது. நான் தட்டி அவருக்கு அனுப்புவேன், அவர் அதைக் குறூப்பில் தள்ளிவிடுவார். ஓ.எல். படிக்கிற காலத்திலிருந்து ஊரின் மௌத்தெல்லாம் என் கையால்தான் போகிறது.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் இன்னா லில்லாஹி. பிறகு ஊர், பேர். பிறகு இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாய், இன்னாரின் சகோதரி. ஒருத்தரையும் விடக்கூடாது. விட்டால் அடக்கம் செய்கிற மையவாடியிலேயே சண்டை வரும். கடைசியில் நல்லடக்கம் எப்போது, எங்கே. அந்தக் குறூப்பில் வேறொன்றும் வராது. சலாம் வராது, பெருநாள் வாழ்த்து வராது, ஆமீன்கூட வராது. அட்மின் மட்டும்தான் போடலாம், அட்மின் வாப்பா. ஊரில் எல்லாரும் மற்றக் குறூப்புகளின் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார்கள், இதை மட்டும் நிறுத்தமாட்டார்கள். கட்டாரில் கொங்கிரீட் போடுகிறவனும் இலங்கைத்துறையில் வாடி போட்டு மீன் பிடிக்கிறவனும் இந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பார்ப்பான். குறூப்பில் வந்துவிட்டால் பிறகு ஒருத்தரும் ஒருத்தருக்கும் கோல் எடுத்துச் சொல்வதில்லை. எல்லாருக்கும் சொல்லியாச்சு என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், சஜீத்துக்கு இதெல்லாம் தெரியும். அவனும் எங்கட ஊரைச் சேர்ந்த கிண்ணியாதான். தெரியாத ஒருத்தன் செய்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்கமாட்டேன்.

சஜீத் என் முதலாளி. முகத்துக்கு முன்னால் அண்ணன் முறையில் சஜீத் நானா, இங்கே சஜீத் போதும்.

எங்கட குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். சொன்னால் ஆக்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். அடுத்த கேள்வி, என்ன வேலை? அதற்குப் பதில் இல்லாமல் இரண்டு வருசம் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் ஒபீஸுக்கு, முன்னால் பதாகை பிடித்தேன். பட்டதாரிகளுக்கு நியமனம் கொடு என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. ஒருநாள் வெயிலில் தலை சுற்றியபோது ஒரு பொலிஸ்காரி தண்ணீர்ப் போத்தல் தந்தாள். அரசாங்கத்திடமிருந்து எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பிறகுதான் ‘அலைவாய்’ கிடைத்தது. செய்தி இணையத்தளம் என்று வீட்டில் சொன்னேன். வாப்பா அதை ‘நியூஸ் ஒபீஸ்’ ஆக்கி ஊர் முழுக்கச் சொன்னார். ஒபீஸ் என்றால் திருகோணமலை உட்துறைமுக வீதியில் வலைக்கடை ஒன்றுக்கு மேலே ஒரு அறை. ஏசி போட்டதால் ஜன்னலை ஆணி அடித்துப் பூட்டியிருந்தது. பிறகு ஏசி பழுதானது, ஆணியை ஒருத்தரும் கழற்றவில்லை. உள்ளே சஜீத், கீர்த்தனி, நான். கீர்த்தனி திருகோணமலை ரவுன் பிள்ளை, வீடியோ வெட்டுவாள். நான் லிங்க் போடுவேன்.

லிங்க் போடுவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். அலைவாய் என்று தட்டி நேராக உள்ளே வருகிறவன் உலகத்தில் ஒருத்தனும் இல்லை. ஆக்கள் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் கிடக்கிறார்கள். அங்கேயிருந்து அவர்களை இழுத்து எங்கட தளத்துக்குள் விடவேண்டும். விட்டால் விளம்பரம் ஓடும். பேஸ்புக் தன் ஆளை வெளியே விட விரும்பாது, லிங்க் இருக்கிற பதிவை அமுக்கிவிடும். ஆகவே படத்தை மேலே போட்டு லிங்கை முதல் கொமென்ட்டில் ஒளித்து வைப்போம். மூதூர் வாங்க விற்க, திருமலை பஸ் நேரம், கிண்ணியா வேலைவாய்ப்பு என்று எத்தனையோ குறூப். ஒரே லிங்கை ஒரே ஆள் எல்லாத்திலும் போட்டால் பிடிபடும். அதனால் நான் பல ஆளாக இருந்தேன். ஸஜ்ஜாத் என்று ஒருத்தன், ஷாமிலா என்று ஒருத்தி. பதிவு ஏறவில்லை என்றால் இருவரும் கொமென்ட்டில் சண்டை பிடிப்பார்கள். சண்டை நடந்தால் பேஸ்புக் அதை நாலு பேருக்குக் காட்டும்.

“உன்ட ஸஜ்ஜாத் இண்டைக்கு ஷாமிலாவ மாடெண்டு ஏசிப்போட்டான்” என்பாள் கீர்த்தனி.

“பின்னேரம் சமாதானமாக்கி விடுறன்.”

“பேசாம ரெண்டு பேருக்கும் கல்யாணம் செஞ்சு வையடி. ஷேர் அள்ளும்.”

பொய் ஆக்கள் நிலைப்பதில்லை. புதுக் கணக்குகளைப் பேஸ்புக் மாதாமாதம் பிடித்து மூடும். பழைய, உண்மையான, சொந்தப் படம் போட்ட கணக்கைத்தான் அது நம்பும். நான் வேலைக்கு வந்த அன்றே சஜீத் கேட்டான், “தங்கச்சி, உன்ட எக்கவுண்ட் எப்ப திறந்தது?” பள்ளிக்கூடத்தில் திறந்தது என்றேன். அவன் முகம் விரிந்ததைப் பார்த்திருக்கவேண்டும். பேஜ் எல்லாவற்றுக்கும் என்னைச் சொந்தக்காரியாகப் போட்டான். ஒபீஸ் சிம்மையும் என் அடையாள அட்டையில்தான் எடுத்தான். நான் அதைப் பதவி என்று நினைத்தேன். அந்த நம்பரையே எல்லா வேலை விண்ணப்பத்திலும் எழுதினேன்.

தலைப்பு வைப்பது சஜீத். அவனுக்கு ஒரே ஒரு சட்டம்: பேரைத் தலைப்பில் போடாதே. “மீன வாசல்லயே குடுத்தா ஆர் சந்தைக்குள்ள வருவான்?” நகை திருடியவர் யார்? பெயர் உள்ளே. பாஸான மாணவி யார்? பெயர் உள்ளே. நடிகைகளைப் பற்றியும் நிறைய உள்ளே இருந்தது. வாப்பாவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. சுவரில் ஒரு திரை, அதில் பச்சையாக ஒரு நம்பர். இந்த நிமிசம் உள்ளே எத்தனை பேர் என்று காட்டும். நாங்கள் சாப்பிடுவதும் எழும்புவதும் அதைப் பார்த்துத்தான்.

ஒருநாள் வாப்பா குரல் பதிவு அனுப்பினார். ஒபீஸில் இருந்தே கேட்டுக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். சஜீத் பின்னால் வந்து நின்றதைக் காணவில்லை.

“இது நம்மட ஜனாஸா குறூப்பா? நீயா தட்டுற?”

“ஓம் நானா. வாப்பாக்கு ஏலாது.”

“இதில எத்தன பேர் திறந்து பாப்பாங்க?”

“எல்லாரும்.”

சொன்ன பிறகுதான் என் நாக்கைக் கடித்தேன். அவன் பச்சை நம்பரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “எல்லாருமா” என்று தனக்குள் சொன்னான்.

அடுத்த நாளே கேட்டான். அறிவித்தலை அலைவாயில் படத்தோடு போடுவோம், குறூப்பில் லிங்கை மட்டும் வாப்பா போடட்டும். நான் ஏலாது என்றேன். மௌத்து வியாபாரம் இல்லை என்றேன். அவன் கோபப்படவில்லை. “நீ இன்னும் கச்சேரி வாசல்லதான் நிக்கிறாய்” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பாவோடு சேர்ந்து எங்கட வீட்டுக்கு வந்து நின்றான். கையில் ஒரு பை அப்பிள். உம்மா உள்ளேயிருந்து கதிரை துடைக்கும் துணியை எறிந்தா.

“கலீல் மாமா, உங்கட அறிவித்தல ஆக்கள் வெட்டி ஒட்டி, பேர் மாத்தி, நேரம் மாத்தி அனுப்புறாங்க. எங்கட தளத்தில போட்டா ஒருத்தனும் மாத்த ஏலாது. படத்தோட, அழகா இருக்கும். உங்கட மகள்ட கையாலதான் போகும்.”

வாப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? நான் பட்டம் வாங்கிய அன்று மண்டபத்துக்கு வெளியே நின்று பார்த்த பார்வை. மகள் படித்தது ஊருக்குப் பிரயோசனமாக வந்துவிட்டது என்ற பார்வை.

“வேணாம் வாப்பா” என்றேன்.

“என்ன மகள், நல்ல விசயம்தானே? ஒபீஸே வந்து கேக்குது.”

“தங்கச்சிக்கு வேல கூடிரும் எண்டு பயம்” என்றான் சஜீத். எல்லாரும் சிரித்தார்கள். ஒபீஸே வந்து கேட்கிறது. ஒபீஸ் அப்பிளோடு வந்து கேட்டால் எங்கட ஆக்கள் இல்லை என்று சொல்வார்களா? சொல்லப் பழகவில்லை. ஒபீஸ் மேசைக்கு முன்னால் நின்று கேட்டே பழகியவர்கள்.

முதல் ஒன்றிரண்டு மௌத்து பரவாயில்லை. முழு விபரமும் மேலே இருந்தது, லிங்க் கீழே. ஆக்கள் மேலே வாசித்தார்கள், லிங்கைத் தொடவில்லை. பச்சை நம்பர் அசையவில்லை. சஜீத் வாப்பாவுக்கு நேராகக் கோல் எடுத்தான். என்னிடம் சொல்லவில்லை. “மாமா, நீங்க ஒண்டும் சேக்கத் தேவல்ல. நான் அனுப்புறத அப்பிடியே போடுங்க.” வாப்பா சரி என்றிருக்கிறார்.

பிறகு வந்தது பரீதா டீச்சரின் மௌத்து.

காலையில் ஒபீஸில் கணினியைத் திறக்கும்போதே குரல் பதிவு வந்தது. “மகள், நம்மட பரீதா டீச்சர். சுபஹ் தொழுதிட்டு நெஞ்சு நோகுது எண்டவவாம். ஆசுபத்திரி வாசலுக்குப் போகமுதல் முடிஞ்சிட்டுது. எழுது மகள்.” எனக்கு ‘அ’ எழுதக் கை பிடித்துத் தந்தவ. நான் முறைப்படி எழுதினேன். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னார் இன்னாரின் தாய், அகீல் என்பவரின் அன்புச் சகோதரி. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம்.

சஜீத் அதைத் தளத்தில் ஏற்றித் தலைப்பு வைத்தான்.

‘சற்றுமுன்: குறிஞ்சாக்கேணியைக் கண்ணீரில் ஆழ்த்திய ஆசிரியையின் திடீர் மறைவு! யார் இவர்? பெயர் உள்ளே…’

“நானா, பேரப் போடுங்க” என்றேன்.

“பேரப் போட்டா ஆர் உள்ள வருவான்?”

“இது நகைத் திருட்டில்ல நானா. மௌத்து.”

“மௌத்துக்குத்தான் எல்லாரும் வருவாங்கள். நீதானே சொன்ன.”

சொல்லும்போதே அவன் வாப்பாவுக்கு அனுப்பிவிட்டான். வாப்பா போட்டும்விட்டார். நான் வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன், எடுக்கவில்லை. பிறகுதான் தெரியும், போட்டுவிட்டு சேர்ட்டைக் கழற்றி ஆணியில் கொழுவி, போன் சேர்ட் பையில் கிடக்க, கபுறுக்குழி வெட்டுகிறவர்களோடு மையவாடிக்குப் போயிருக்கிறார். என்னால் அந்தக் குறூப்பில் போட ஏலாது, அட்மின் அவர் மட்டும்தான். ஸஜ்ஜாத்தாகவும் ஷாமிலாவாகவும் என் சொந்தப் பேரிலும் எனக்குத் தெரிந்த அத்தனை பேஸ்புக் குறூப்பிலும் முழு அறிவித்தலையும் லிங்க் இல்லாமல் போட்டேன். வாங்க விற்கவில் போட்டேன், பஸ் நேரத்தில் போட்டேன். சுவரில் பச்சை நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. அப்படி ஏறி நான் கண்டதில்லை. கீர்த்தனி அதைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி இருந்தாள்.

நான் பையைத் தூக்கினேன்.

“மையத்து வீட்டுக்கா? போ. எக்கவுண்ட் லொக்கினத் திறந்தபடி விட்டுட்டுப் போ” என்றான் சஜீத்.

விட்டுட்டுத்தான் போனேன். இதையும் எழுதவேண்டும். அன்று என்னால் அவ்வளவுதான் ஏலும். பஸ் சீனன்குடாவில் நின்று நின்று, கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது அசர் பாங்கு சொல்லிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சரைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் பெண்கள் மட்டும். “அகீல் வரல்லயே” என்று ஒருத்தி சொன்னாள். “குறூப்பில போட்டாச்சுதானே, வந்துகொண்டிருப்பான். மையத்த வெச்சிட்டு எவ்வளவு நேரம் பாக்கிற?” என்றாள் இன்னொருத்தி. ஒருத்தரும் அவனுக்குக் கோல் எடுத்திருக்கவில்லை. குறூப்பில் போட்டாச்சுதானே.

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு எங்கட வாசலில் மோட்டர் சைக்கிள் நின்றது. அகீல். டீச்சரின் ஒரே தம்பி, இலங்கைத்துறை வாடியில் இருப்பவன். ஹேண்டிலில் ஒரு பை தொங்கியது, மீன் வாடை. அக்காவுக்குக் கொண்டுவந்த மீன். அக்கா வீட்டுக்குப் போய், விசயம் தெரிந்து, மையவாடிக்குப் போய், அங்கேயிருந்து இங்கே வந்திருக்கிறான். பையை இறக்கிவைக்கக்கூட நினைவில்லை.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. போனை வாப்பாவிடம் நீட்டினான்.

“கலீல் நானா, இத நீங்கதானே போட்டீங்க?”

“ஓம் தம்பி.”

“இதில ஆருட பேர் இருக்கு? வாசிச்சுச் சொல்லுங்க.”

வாப்பா போனை வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதுவரை அவர் அதை வாசித்திருக்கவில்லை. ஒபீஸ் அனுப்பியதை எதற்கு வாசிக்கவேண்டும்? மகளின் ஒபீஸ். இப்போது எழுத்துக்கூட்டினார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். மைக்கில் ஊரே கேட்டுப் பழகிய குரல் முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வந்தது.

“ஆ…சி…ரி…யையின்… தி…டீர்… மறைவு. யார்… இவர். பெ…யர்… உள்…ளே.”

“உள்ளே எண்டா எங்க நானா?”

வாப்பா கடைசி வரியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“என்ட டேட்டா பெக்கேஜில வட்ஸ்அப் மட்டும்தான் வேல செய்யும். இத அமத்தினா சுத்திக்கொண்டே நிக்கிது. டீச்சர் எண்டு கிடக்கு, நம்மட அக்காட்டக் கேட்டா எந்த டீச்சர் எண்டு சொல்லுவா எண்டுதான் அக்காக்குக் கோல் எடுத்தன். எடுக்கல்ல. மையத்து வீட்டில நிண்டு ஒதவி செஞ்சிகொண்டிருப்பா எண்டு நெனச்சன்.” அவன் போனை வாங்கிப் பையில் போட்டான். “அந்தப் போன் அவட தலமாட்டிலதான் கிடந்து அடிச்சதாம்.”

ஊரில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெக்கேஜ்தான். மலிவு. வாப்பாவும் அதுதான். வெளி லிங்க் எதுவும் திறக்காது. ஒரு நாள் முழுக்க ஆக்களை வெளியே இழுப்பதையே வேலையாகச் செய்கிற எனக்கு, வெளியே வர வழியே இல்லாத ஆக்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள் என்பது அதுவரை உறைக்கவில்லை. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம், ஒபீஸ், எங்கேயும் அதை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை. சஜீத்துக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் பரவாயில்லை அவனுக்கு. திறக்க ஏலாதவன் நம்பரில் வரமாட்டான், வராதவன் ஆளே இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி நிர்வாகத்திலிருந்து வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு மைக்கை வேறு ஆள் பார்க்கட்டும் என்று சொல்லி, வாப்பாவின் போனிலேயே அந்த ஆளைக் குறூப் அட்மின் ஆக்கிக்கொண்டார்கள். அன்று பின்னேரம் வாப்பாவின் போனில் அந்தக் குறூப்பில் ஒரு வரி வந்தது. மௌத்து இல்லாமல் அந்தக் குறூப்பில் அவருக்கு வந்த ஒரே வரி, நீங்கள் நீக்கப்பட்டீர்கள் என்று. அதையும் எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார்.

“வாசிக்காமப் போட்டது என்ட பிழ மகள்” என்றார். “ஒபீஸில ஒண்டும் கதைச்சிராத. வேல முக்கியம்.”

அவர் என்னை ஏசியிருந்தால் நான் அழுதுவிட்டுக் கிடந்திருப்பேன். ஏசவில்லை. அதனால் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஒபீஸில் வட்டிலப்பம் வைத்திருந்தான் சஜீத். பச்சை நம்பருக்கு விருந்து. கீர்த்தனியின் துண்டு அப்படியே கிடந்தது.

“தலைப்ப மாத்துங்க நானா. பேரப் போடுங்க. அகீலிட்டயும் பள்ளியிட்டயும் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி போடுங்க. தலைப்ப எழுதினது வாப்பா இல்ல எண்டும் போடுங்க.”

“மன்னிப்புக் கேட்டா பிழ செஞ்சதா ஆகிரும்.”

“செஞ்சதுதானே.”

“ஆர் செஞ்ச?” கதிரையைத் திருப்பிக்கொண்டு நிதானமாகக் கேட்டான். “பேஜ் ஆருட பேரில? சிம் ஆருட ஐடியில? குறூப்புகளில லிங்க் போட்டது ஆருட எக்கவுண்ட்? கேஸ் எண்டு வந்தா பொலிஸ் ஆருட வீட்டுக்கு வரும்? நான் இதில ஒரு இடத்திலயும் இல்ல தங்கச்சி. எல்லாம் உன்ட பேரில.”

நான் பையைத் தோளில் போட்டேன்.

“போறதெண்டா போ. ஒண்டும் செய்யமாட்டன். உன்ட எக்கவுண்டில இருந்து இவ்வளவு நாளும் என்னென்ன படம், என்னென்ன நடிகைக் கத போனது எண்டு எடுத்து மாமாக்கு அனுப்பிவிடுவன். பட்டதாரி மகள்ட வேலய அவரும் பாக்கட்டும். இல்லயா, இரி. சாப்பிடு.”

இருந்தேன். பத்து மணி தொடக்கம் பின்னேரம் வரை இருந்து லிங்க் போட்டேன். ஆணி அடித்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. ஸஜ்ஜாத்தும் ஷாமிலாவும் கோழி விலையைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

சஜீத் தொழப் போன நேரம் கீர்த்தனி கதிரையை என் பக்கம் உருட்டினாள்.

“அவன் கடைசியாச் சொன்னதத் திருப்பிச் சொல்லு.”

“எந்தக் கடைசி?”

“எல்லாம்… எண்டு தொடங்கினானே.”

“எல்லாம் உன்ட பேரில.”

“அப்ப உன்டதானேடி” என்றாள். சொல்லிவிட்டுத் தன் இடத்துக்கு உருண்டு போய்க் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். “நான் ஒண்டும் பாக்கல்ல. எனக்கு இந்த வேல வேணும்.”

பேஜ்களை மட்டும் அழித்தால் என் கணக்கை வைத்தே நாளைக்குப் புதிது திறப்பான். கணக்கையே அழிக்கவேண்டும். அதற்குள் போனேன். பேஸ்புக் கேட்டது: நிரந்தரமாக நீக்கவா? நீங்கள் மட்டும் நிர்வகிக்கிற பக்கங்களும் போய்விடும். நல்லது. உங்கள் படங்கள், நண்பர்கள் போய்விடும். பட்டமளிப்புப் படம் அதில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. கச்சேரி வாசலில் என்னோடு நின்ற பிள்ளைகள் எல்லாம் அதில்தான். நியமனம் பற்றிய செய்தி முதலில் வருவதும் அந்தப் பட்டதாரிகள் குறூப்பில்தான். இனி வந்தாலும் எனக்குத் தெரியாது. கடைசியாக ஒன்று சொன்னது. ஒரு மாதம் பொறுப்போம், அதற்குள் யாராவது கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தால் எல்லாம் பழையபடி திரும்பும்.

பழைய கடவுச்சொல் சஜீத்துக்குத் தெரியும். மாற்றினேன். மறந்துவிட்டேன் என்று கொடுத்தால் சிம்முக்கு ஒரு குறியீடு வரும், அதைப் போட்டு உள்ளே வரலாம் என்பதும் அவனுக்குத் தெரியும். சிம் மேசையில் கிடந்த ஒபீஸ் போனில். ஹிஜாபில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, சிம் தட்டைத் திறந்து எடுத்தேன். என் அடையாள அட்டை, என் சிம். ஊசியைத் திருப்பிக் குத்திக்கொண்டு நீக்கவும் என்பதை அமத்தினேன். சுவரில் பச்சை நம்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியபோது படியில் இறங்கிவிட்டேன்.

கீர்த்தனியிடமிருந்து பஸ்ஸில் ஒரு செய்தி வந்தது: ‘ஸஜ்ஜாத், ஷாமிலா ஜனாஸா எப்ப?’

இப்போது வீட்டில் இருக்கிறேன். அந்த ஒரு மாதம் முடியவில்லை. சிம் என் போனில். கழற்றி வைக்க ஏலாது, எல்லா விண்ணப்பத்திலும் இருப்பது அந்த நம்பர்தான். எப்போதாவது ஒரு கச்சேரிக்காரன் கூப்பிட்டால் இதில்தான் கூப்பிடுவான். அதனால் திறந்தே கிடக்கிறது, நாள் முழுக்கக் குறியீடு வந்து விழுகிறது. ஒவ்வொன்றும் சஜீத் கதவை ஆட்டிப் பார்க்கிற சத்தம். பிறகு அவனே கோல் எடுப்பான். முதலில் “அந்த நம்பரச் சொல்லு தங்கச்சி, பேசித் தீப்பம்”. பிறகு ஏச்சு. பிறகு மறுபடி தங்கச்சி.

“வேலய விட்டுட்டு போனுக்குக் காவல் இரிக்கிறா” என்று உம்மா பக்கத்து வீட்டுக்குச் சொன்னா. பிழையில்லை. வெளியே போனால் ஊர் கேட்கிறது, உள்ளே இருந்தால் போன் கேட்கிறது.

சொன்னபடியே வாப்பாவுக்கும் அனுப்பினான். ஒரு நாள் காலை வாப்பா போனை என்னிடம் நீட்டினார். நடிகைக் கதைகளின் லிங்க், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. 

“சஜீத் என்னமோ அனுப்பியிரிக்கான். அமத்தி அமத்திப் பாத்தன், சுத்திக்கொண்டே நிக்கிது. என்ட பெக்கேஜில திறக்காது போல.”

“திறக்காது வாப்பா.”

“முக்கியமா மகள்?”

“இல்ல. பொய் ஆக்கள்ட கத. அவன் அனுப்பச் சொல்லி நான்தான் போட்டனான். பிறகு சொல்றன்.”

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டார். இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும்.

இதில் எனக்குப் பெரிய வேதனை அந்தச் சத்தம்தான். என் போன் அடித்தால் வாப்பாவின் தலை நிமிர்கிறது. அத்தனை வருசம் பழகிய காது. “ஆருட மௌத்து மகள்?” என்று கேட்பார். ஒருத்தருமில்லை, நம்பர்தான் என்பேன். “ஆ” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துவிடுவார்.

இன்று காலை ஒலிபெருக்கி சத்தம் போட்டது. புது ஆள். ‘நஸ்ரியா என்பவர் வபாத்தானார்’ என்று ஒரு பேர், ஒரு நேரம், அவ்வளவுதான். ஊரில் எத்தனை நஸ்ரியா? வாப்பா எழும்பிச் சேர்ட்டைப் போட்டார்.  கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து குசினி வாசலில் நின்றார்.

“எழுது மகள்.”

“எங்க போடுற வாப்பா? நம்மட்ட குறூப் இல்லயே.”

“அகீலுக்குப் போடு. அவக்கும் அவனுக்கும் சொந்தம். புது ஆள் குறூப்பில என்ன போட்டிரிக்கானோ தெரியா. பிறகு நான் சொல்ற ஆக்களுக்கு ஒவ்வொண்டாப் போடு.”

நான் போனை எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மைக் இருக்கிற உயரத்துக்குத் தலையைத் தூக்கிச் சொல்லத் தொடங்கினார். இன்னாரின் மகள். இன்னாரின் மனைவி. பாதியில் திரையின் மேலே குறியீடு ஒன்று வந்து விழுந்து, தட்டுகிற வரியை மறைத்தது. விரலால் அதை ஒதுக்கினேன். உடனே இன்னொன்று வந்தது.

“விட்டுட்டியா மகள்? எதுவரைக்கும் எழுதின?”

“இல்ல வாப்பா. சொல்லுங்க. ஆருட சகோதரி?”